லிடியா மூஞ்சியில் கரி பூசியது யார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பெங்களூரு மடிவாளாவில் பி.ஜி.யில் தங்கியிருக்கும் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, லிடியா மூஞ்சில யாரோ கரி பூசிட்டாங்க." லிடியா, ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் நம் கூடவே வருகிற வீராங்கனை. ரசிகர்கள் செய்து தருகிற மாற்றங்களை, அதாவது மோட்களை, அதில் போட்டு விளையாடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கழுத்துக்குக் கீழே ஒழுங்கான தோல், மேலே சிலேட்டுப் பலகை. நம்மூர்க் கறுப்பாக இருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். இது எந்த ஊர் மனித நிறமும் இல்லை.

அல்சூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் முதல் தவறைச் செய்து முடித்திருந்தான். கிராபிக்ஸ் கார்டு போச்சு என்று முடிவு கட்டி, எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டு என்ன விலை என்று விசாரித்து வைத்திருந்தான். கார்டு கெட்டால் திரை முழுக்கக் கோலம் போடும். ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் முகத்துக்கு மட்டும் கோளாறு என்றால் அது மோட் தகராறு.

ஸ்கைரிமில் ஒரு பாத்திரத்தின் முகம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பிளகினில் (விளையாட்டின் தரவுகளைச் சுமக்கிற ஃபைல்) உள்ள பதிவு: எந்த மூக்கு, எந்தப் புருவம், எந்த முடி என்ற பட்டியல். இன்னொன்று அந்தப் பட்டியலை வைத்து முன்கூட்டியே செய்து வைத்த தலை: வடிவத்துக்கு ஒரு மெஷ் ஃபைல், மேலே நிறம் பூசுகிற டிண்ட் ஃபைல். இதைத்தான் ஃபேஸ்ஜென் என்கிறோம். பட்டியல் ஒரு மோடிலிருந்தும் தலை இன்னொன்றிலிருந்தும் வந்தால், விளையாட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பும். அந்தக் குழப்பத்தின் நிறம்தான் சாம்பல். 2011-இல் வந்த முதல் பதிப்பிலும் இதே கதை, 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனிலும் இதே கதை.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்கிற பெரிய தவறு, ஒரு பக்கத்தை மட்டும் வரிசைப்படுத்துவது. மோட்களை அடுக்கி வைக்கிற மோட் ஆர்கனைசரில் இடப்பக்க வரிசை ஃபைல்களுக்கு, வலப்பக்க வரிசை பிளகின்களுக்கு. பிளகின்களைத் தானே வரிசைப்படுத்துகிற லூட் என்ற கருவியை ஓட்டினால் வலப்பக்கம் மட்டும்தான் மாறும். இடப்பக்கத்தில் 'அ' மோட் ஜெயித்து, வலப்பக்கத்தில் 'ஆ' மோட் ஜெயித்தால் சாம்பல் நிச்சயம். முக மோட்கள் நாலைந்து போடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் அவற்றை ஒரே வரிசையில் வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்தது, தவறான எண்ணைத் தேடுவது. விளையாட்டுக்குள் கட்டளை அடிக்கிற கன்சோலைத் திறந்து லிடியாவைக் கிளிக் செய்தால் 000ஏ2சி94 என்று காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஃபேஸ்ஜென் ஃபோல்டரில் அரை மணி நேரம் துழாவிக்கொண்டிருந்தான் தம்பி. கன்சோல் சொல்வது அங்கே நிற்கிற ஆளின் எண். முக ஃபைலின் பெயரோ மூலப் பதிவின் எண்: 000ஏ2சி8ஈ. பிளகினைப் பிரித்துக் காட்டுகிற எக்ஸ்எடிட்டில் பதிவைத் திறந்தால் தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பெயர் மோடின் பெயர் அல்ல, பாத்திரம் முதலில் பிறந்த பிளகினின் பெயர். லிடியாவுக்கு அது விளையாட்டின் மூலப் பிளகினான ஸ்கைரிம்.இஎஸ்எம்.

சிலர் மோட் செய்கிற கருவியான கிரியேஷன் கிட்டைத் திறந்து கன்ட்ரோல், எஃப்4 அழுத்தித் தலையைப் புதிதாகச் செய்துவிடுவார்கள். சாம்பல் போகும், உண்மைதான். ஆனால் மோடை எழுதியவர் முகம் வடிக்கிற ரேஸ்மெனுவில் கையால் செதுக்கியிருந்தால், அந்தச் செதுக்கல் பிளகினில் இருக்காது, மெஷ்ஷில் மட்டும்தான் இருக்கும். புதிதாகச் செய்த தலை அதன் மேல் உட்கார்ந்ததும் அழகு முகம் போய் யாரோ ஒருத்தி வந்து நிற்பாள். மோட் ஆர்கனைசர் வழியாகக் கிட்டைத் திறந்திருந்தால் புதுத் தலை மற்ற எல்லா மோடையும் மிஞ்சுகிற ஓவர்ரைட் ஃபோல்டரில் விழுந்து கிடக்கும். அதை மறந்துவிட்டு, அடுத்த மாதம் வேறு முக மோட் போட்டு, "ஏன் மாறவே இல்லை?" என்று கேட்பவர்களும் உண்டு.

நிறத்தைத் தானே சரிசெய்கிற ஃபேஸ் டிஸ்கலரேஷன் ஃபிக்ஸ் நல்ல மோட்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது ஓட்டைக் கூரைக்கு அடியில் வைக்கிற வாளி. அடியில் மோதல் அப்படியே இருக்கும். முகம் மோடின் படத்தில் பார்த்த மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பிளகின் எண்ணிக்கை 254 என்ற உச்ச வரம்பைத் தொடும்போது பலர் எல்லாவற்றையும் இஎஸ்எல் (அந்தக் கணக்கில் சேராத சின்னப் பிளகின்) ஆக்கி எண்களைச் சுருக்குவார்கள். ஏற்கெனவே உள்ள ஆட்களை மட்டும் மாற்றுகிற மோட் என்றால் பயமில்லை. புது ஆட்களைக் கொண்டுவருகிற மோட் என்றால் அவர்களின் எண் மாறும், முக ஃபைலின் பெயர் பழைய எண்ணிலேயே நிற்கும். அப்புறம் ஒரு கிராமமே சிலேட்டு நிறமாகிவிடும்.

முகம் ஊதா நிறத்தில் இருந்தால் இந்தக் கதை பொருந்தாது. அங்கே தோலின் படமான டெக்ஸ்சர் ஃபைலே இல்லை. கழுத்தில் நிறம் மட்டும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், உடம்புக்கு ஒரு தோல் மோடும் முகத்துக்கு வேறொன்றும் போட்டிருக்கிறீர்கள்.

சரி, லிடியா விஷயத்துக்கு வருவோம். குற்றவாளி முக மோடே இல்லை. அவளுக்குப் புதுக் கவசம் மாட்டிவிடுகிற சின்ன மோட் ஒன்று, பிளகின் வரிசையில் கடைசியில் இருந்ததால் அதுதான் ஜெயித்தது. கவசத்தோடு சேர்த்துப் பழைய முகப் பட்டியலையும் சுமந்து வந்திருக்கிறது. எக்ஸ்எடிட்டில் அந்தப் பதிவைப் புது பேட்ச்சாக (ஒட்டுப் போடுகிற பிளகின்) நகலெடுத்து, முக மோடிலிருந்து ஹெட் பார்ட்ஸ், முடி நிறம், தலை டெக்ஸ்சர், முக அளவுகள், டிண்ட் லேயர்கள் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். விளையாட்டைத் திறந்தோம். கரி போயிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி, உள்ளே பின்னால் இருக்கிற சுவர் தெரிகிறது.

எடையை இழுக்க மறந்துவிட்டேன். தலை ஓர் எடைக்குச் செய்யப்பட்டது, உடம்பு வேறோர் எடையில் நிற்கிறது. அந்த ஒரு எண்ணையும் இழுத்துவிட்டு மறுபடி திறந்தபோது மணி ஒன்றரை. தம்பி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"அண்ணா, மோட் போடாத மூஞ்சியே நல்லா இருந்துச்சோ?"