எண்ணெய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு: நாம் செய்யும் தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்ததும், பார்க்க வரும் உறவினர்கள் முதலில் சொல்வது, "இனிமே எண்ணெயே சேர்க்காதீங்க" என்பதுதான். கொழுப்பே நோய்க்கு வித்து என்று எண்ணுவது முதல் தவறு. கொழுப்பு மிகுதியாக உண்ணும் நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் மிகுதி என்று 1970-களில் செய்த ஒப்பீடுகள் காட்டியது உண்மையே. ஆனால், அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் சுமார் எட்டு ஆண்டுகள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைந்திருந்தும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடிய அளவாகவே இருந்தது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை.

ஐயமின்றி உறுதிப்பட்டிருப்பது உடற்பருமனின் பங்கு. அது 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருப்பதால் எண்ணெய்க்கு அளவு வேண்டும். ஆனால் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சோற்றையும் இனிப்பையும் கூட்டிக்கொண்டால் எடை எப்படிக் குறையும்?

நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத தவறு ஒன்று மணிலாவில், அதாவது மல்லாட்டை என்றும் சொல்லும் நிலக்கடலையில் இருக்கிறது. செக்கில் ஆட்டியது என்றாலே நல்லது என்று நம்புகிறோம். ஆட்டப் போகும் பருப்பைப் பார்ப்பதில்லை. மழையில் நனைந்து சரியாகக் காயாத மல்லாட்டையை உடைத்தால், பருப்பு சுருங்கி, தோல் கறுத்து, இடுக்கில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் படிந்திருக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான ஒன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் அது முழுவதும் அழியாது. நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். அதை உண்ணும் மாட்டின் பாலிலும் ஒரு பகுதி வந்துசேரும். எண்ணெயில் இறங்குவதைச் சுத்திகரிப்பு நீக்கிவிடும், செக்கு நீக்காது. ஆகவே சொந்த மல்லாட்டையை ஆட்டக் கொடுப்பவர்கள், நன்றாகக் காய வைத்து, சொத்தையையும் பூஞ்சணம் பிடித்ததையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்த பின்பே கொடுக்க வேண்டும். பொறுக்கியதை மாட்டுக்கும் போடக் கூடாது.

வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி, புது எண்ணெயோடு கலந்து மறுபடியும் காய்ச்சுவதும் நெடுநாள் பழக்கம். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் சிதைந்து, உடலுக்கு ஆகாத ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் அதில் சேர்கின்றன. சிதைவைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. நிறம் கறுத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகையத் தொடங்கினால் கொட்டிவிடுவதே சரி.

சிகிச்சையில் இருப்பவருக்கு வீட்டார் தாமாகவே எண்ணெயையும் மீனையும் நிறுத்துவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கீமோதெரபியில் வாய் கசந்து இரண்டு கவளமே இறங்கும் ஒருவருக்கு, அந்த இரண்டு கவளத்தில் சத்தைச் சேர்ப்பது எண்ணெயும் முட்டையும் மீனும்தான். எடை இறங்கினால் சிகிச்சையைத் தாங்கும் வலுவும் இறங்கும். எதையும் நிறுத்துவதற்கு முன், மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் நோயாளியின் எடைக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.