தேர்தல் வழக்கு: வாதம் தொடங்கும் முன்பே தோற்கும் இடங்கள்

1980 சட்டமன்றத் தேர்தலில் அண்ணா நகரில் கருணாநிதி 699 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற எச்.வி.ஹண்டே, ஃபேன்சி பேனர்களுக்குச் செய்த செலவு கணக்கில் வரவில்லை என்று, அந்த வெற்றியை எதிர்த்துத் தேர்தல் மனு போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செலவு எவ்வளவு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று. மனுவில் குறிப்பிட்டிருந்த பேனரின் புகைப்பட நகல் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பதால், 1983இல் மனு தள்ளுபடி ஆனது.

தேர்தல் வழக்குகளில் இது விதிவிலக்கு இல்லை. சாதாரண சிவில் வழக்கில் ஒரு குறை இருந்தால் திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவோ, காலக்கெடு, நகல்கள், எதிர்மனுதாரர்கள், டெபாசிட் தொடர்பான பிரிவுகளை மீறிய மனுவைத் தள்ளுபடி செய்தே ஆகவேண்டும் என்கிறது. நீதிபதிக்கு அனுதாபம் இருந்தாலும் பயனில்லை.

காலக்கெடு 45 நாள். முடிவு அறிவித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் மனு இங்கே செல்லாது. காலவரையறைச் சட்டத்தின் அந்தச் சலுகை தேர்தல் மனுவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1974லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வருவதால், கோடை விடுமுறை முடியட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த நாட்களும் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

யார் மனு போடலாம் என்பதிலும் குழப்பம் அதிகம். அந்தத் தேர்தலின் வேட்பாளரோ, வாக்குரிமை உள்ள வாக்காளரோதான் போட முடியும். அவர் வாக்களித்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்சியின் பெயரில் போட முடியாது. அடுத்தது, யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது. ‘அவர் வென்றது செல்லாது’ என்று மட்டும் கேட்டால் வென்றவர் போதும். ‘என்னை வென்றவராக அறிவியுங்கள்’ என்றும் கேட்டால், களத்தில் நின்ற அத்தனை பேரையும், நூறு வாக்கு வாங்கிய சுயேச்சை உட்பட, சேர்த்தாக வேண்டும். லஞ்சம் போன்ற முறைகேடு செய்ததாக வேறொரு வேட்பாளர் மீது குற்றம் சொன்னால் அவரையும் விடக்கூடாது. கலெக்டர் மீதும் தேர்தல் ஆணையத்தின் மீதும் உள்ள கோபத்தில் அவர்களையும் சேர்ப்பது வழக்கம். சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ததும், அதிகாரியின் முடிவை எதிர்க்கும் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவது இன்னொரு பழைய தவறு. நம் நாமக்கல்லில்தான் இதற்கான முதல் பெரிய தீர்ப்பே பிறந்தது. அங்கே வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி உயர் நீதிமன்றம் போனார். தேர்தல் முடியும் வரை நீதிமன்றம் தலையிடாது, பிறகு தேர்தல் மனு போட்டுக்கொள் என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசமைப்பின் 329ஆவது கூறு அன்றிலிருந்து இன்றுவரை இதே பதிலைத்தான் தருகிறது.

ஆனால் பல மனுக்கள் விழும் இடம் கணக்கு. வாக்குச்சாவடியில் விதிமீறல் நடந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதனால் முடிவு மாறியிருக்கும் என்றும் காட்ட வேண்டும். வித்தியாசம் ஐயாயிரம், தகராறு நடந்த சாவடியில் மொத்த வாக்கே எண்ணூறு என்றால் மனுவில் உயிரில்லை. 2016இல் ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்கில் இன்பதுரையிடம் தோற்றார். அத்தாட்சிக் கையெழுத்து பற்றிய சர்ச்சையில் ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. வித்தியாசத்தைவிட இது பெரிது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டதற்குப் பின்னால் இந்த எளிய கணக்கும் இருக்கிறது.

இந்தக் கணக்கு தேவைப்படாத வழக்குகளும் உண்டு. வென்றவரோ அவரது தேர்தல் முகவரோ முறைகேடு செய்தார் என்று நிரூபணமானால் வித்தியாசம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. 1971இல் ரேபரேலியில் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த இந்திரா காந்தியின் தேர்தலை 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது இப்படித்தான். வென்றவரின் வேட்புமனுவையே ஏற்றிருக்கக் கூடாது என்றாலும் அப்படியே. தேனியில் ஓ.பி.ரவீந்திரநாத் 76 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றிருந்தார். சொத்து விவரம் மறைத்த விவகாரத்தில் 2023 ஜூலையில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த மனுவைப் போட்டவர் ஒரு வாக்காளர். முறைகேட்டுக்கு நிரூபணம் மட்டும் குற்றவியல் வழக்குக்குச் சமமாகக் கேட்பார்கள். ‘எல்லா வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள்’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. யார், யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் என்று மனுவிலேயே இருக்க வேண்டும், அதற்குரிய பிரமாணப் பத்திரத்தோடு.

மறு எண்ணிக்கையைக் கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்பவர்கள் எண்ணும் மையத்திலேயே தோற்கிறார்கள். முடிவை அறிவிப்பதற்கு முன், காரணம் சொல்லி எழுத்தில் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்க வேண்டும். அங்கே வாய்மூடி இருந்துவிட்டு பிறகு வந்தால், ரகசிய வாக்கெடுப்பைச் சந்தேகத்தின் பேரில் கிளற முடியாது என்பார்கள். சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும், ஏஜெண்டுகள் வாங்கிவந்த 17சி படிவங்களைச் சாவடிவாரியாகப் பத்திரப்படுத்தியிருந்தால்தான் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தைச் சுட்ட முடியும். இயந்திரத்தின் மீது சந்தேகம் என்றால், 2024 ஏப்ரல் தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் 7 நாளுக்குள் பணம் கட்டி, தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கக் கேட்கலாம். 45 நாளைப் பார்த்துக்கொண்டு இந்த 7 நாளை விட்டுவிடுவது எளிது.

மனு போட்டதாலேயே வென்றவரின் பதவி பறிபோகாது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பு வேறு. ராதாபுரத்தில் மறு எண்ணிக்கை நடந்தும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, ஐந்தாண்டும் ஓடிப்போனது. தேனி தீர்ப்புக்கும் தடை கிடைத்து, ரவீந்திரநாத் எம்.பி.யாகவே காலத்தை முடித்தார். அதற்காகப் பதவிக்காலம் முடிந்ததும் எல்லா மனுவும் செத்துவிடுவதில்லை. முறைகேடு நிரூபணமானால் 6 ஆண்டு வரை தகுதி நீக்கம் வரலாம் என்பதால் அத்தகைய வழக்கு தொடரும்.

இடையில் வெளியே பேசி முடித்து மனுவைத் திரும்பப் பெறலாம் என்று நினைப்பவர்கள் 109, 110ஆம் பிரிவுகளைப் படிக்க வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் கிடையாது. கொடுக்கல் வாங்கலின் பேரில் வந்த வாபஸ் என்று தோன்றினால் அனுமதியும் கிடையாது. அனுமதி கிடைத்தாலும், தொகுதியின் வேறொரு வாக்காளர் 14 நாளுக்குள் வந்து மனுதாரரின் இடத்தில் நின்று வழக்கை நடத்தக் கேட்கலாம்.