கேட்டுக்குப் போகும் முன் காலண்டரை எடுங்க

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். சர்வீஸில் இருந்தபோது சீனியாரிட்டி லிஸ்டில் என்னை மூன்று பேருக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். சென்னை 'கேட்'டில், அதாவது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில், வழக்குப் போட்டேன். "அக்கா, எப்படிப் போட்டீங்க?" என்று இன்றும் போன் வருகிறது.

போஸ்ட் ஆபீஸ், ரயில்வே, வருமான வரி மாதிரி மத்திய அரசு வேலை என்றால் கேட். தமிழக அரசு ஊழியர் என்றால் உயர் நீதிமன்றம்.

எடுத்தவுடன் அங்கே ஓட முடியாது. முதலில் துறைக்கு மனு. ஒரே விஷயம், ஒரே மனு. கொடுத்ததற்கு அத்தாட்சி கையில் இருக்கட்டும். மனுவை நிராகரித்துப் பதில் வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஓ.ஏ. (ஒரிஜினல் அப்ளிகேஷன், அதாவது கேட்டில் போடும் வழக்கு மனு) போட வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதன்பின் ஒரு வருஷம். 1985 நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21வது பிரிவு இது.

நான் சறுக்கியது இங்கேதான். நினைவூட்டல் கடிதம் நான்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் கெடு நீளும் என்று நம்பினேன். நீளவே நீளாது! நாற்பது நாள் தாமதம். மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை இணைத்துத் தாமத மன்னிப்பு மனு போட்ட பிறகுதான் வழக்குக்கு நம்பரே விழுந்தது.

இன்னொன்று. சீனியாரிட்டி வழக்கில் உங்களுக்கு மேலே இருப்பவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். எனக்கு அந்த மூவரில் ஒருத்தி மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிற சிநேகிதி. நோட்டீஸ் போவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் டப்பா திறக்க வரவில்லை.

கட்டணம் 50 ரூபாய்தான். ஜெராக்ஸுக்கு அதைப்போலப் பல மடங்கு ஆனது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். சீனியாரிட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

முதல் சுற்றில் பலருக்குக் கிடைப்பது, "மனுவைப் பரிசீலித்துக் காரணத்தோடு உத்தரவிடுங்கள்" என்று துறைக்குச் சொல்லும் ஒரு பக்க உத்தரவுதான். அதன்படி துறை போடும் உத்தரவும் பாதகமானால் அதை எதிர்த்துப் புது ஓ.ஏ. போடலாம்.

கேட்டில் தோற்றால் உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், அதாவது இரண்டு நீதிபதிகள் அமர்வு. 1997இல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி. ஜூன் 30இல் ரிட்டயர் ஆகி ஜூலை 1 இன்கிரிமென்டை இழந்த ஒருவர் இதே சென்னை கேட்டில் தோற்றார். மேலே போனார், 2017இல் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு எத்தனை ஜூன் 30காரர்கள் மனு எழுதினார்கள் தெரியுமா!