கறவை வெள்ளாட்டின் வயிற்றைக் கெடுக்கும் தவறுகள்

ஆடு பால் குறைத்தால் டானிக் பாட்டிலைத் தேடுகிறோம். அதற்கு முன் வயிற்றைப் பாருங்கள். தழையிலும் கேழ்வரகுத் தட்டிலும் உள்ள நாரை ஆட்டால் தானாகச் செரிக்க முடியாது. முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை நொதிக்க வைக்கின்றன. அதில் வரும் அசிட்டிக் அமிலம் பாலில் கொழுப்பாகிறது. புரோப்பியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, மடியில் பால் சர்க்கரையாகிறது. எவ்வளவு பால் சுரக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சர்க்கரையைப் பொறுத்தது. (சேலம் கருப்பு கறிக்கான இனம். அது லிட்டர் கணக்கில் கறக்கவில்லை என்று பாக்டீரியா மேல் பழி போட வேண்டாம்.)

நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறு, தீவனத்தைத் திடீரென மாற்றுவது. விசேஷத்தில் மிஞ்சிய சோறு, களி. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஓடும் மாதங்களில் மாம்பழத் தோல். சும்மா கிடைக்கிறதே என்று கூடையோடு கொட்டிவிடுகிறோம். மாவும் சர்க்கரையும் மளமளவென்று நொதித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. 6 முதல் 7 வரை இருக்க வேண்டிய பிஎச் (புளிப்பு கூடக் கூட இறங்கும் அளவு) 6-க்குக் கீழே போனாலே நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் சுணங்கும். 5-ஐ நெருங்கினால் ஆட்டின் உயிருக்கே ஆபத்து. ஆடு அசை போடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த வாடையோடு கழியும். ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நல்ல ஆட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு உருண்டு கையைத் தள்ளும். தள்ளவில்லையென்றால் அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு போன்றவை) நிறுத்துங்கள்.

புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். போச்சம்பள்ளி சந்தையில் ஆடு பிடித்தால், இதுவரை என்ன தின்றது என்று விற்பவரிடம் கேட்டு, முதல் சில நாள் அதையே போடுங்கள்.

தானியத்தை மாவாக அரைத்து வெறும் வயிற்றில் வைப்பதும் தவறுதான். முதலில் தழை, தட்டு. அப்புறம் அடர்தீவனம், அதுவும் இரண்டு வேளையாகப் பிரித்து. நீளமான தட்டை மென்றால்தான் எச்சில் ஊறும். வயிற்றுப் புளிப்பை அடக்கும் சோடா அந்த எச்சிலிலேயே இருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். ஈஸ்ட் பொடி ஓரளவு உதவும். ஆனால் தட்டே போடாத கொட்டகையில் அது காசுக்குப் பிடித்த கேடு.