பாழாய்க் கிடந்த பல தண்டு பைக்கஸ் போன்சாயைத் தேற்றி வடிவம் கொடுப்பது எப்படி?

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்தான் போன்சாய். அதில் பல தண்டு போன்சாய் என்று தேடினால் வந்து விழும் படங்களில் பாதி ஜப்பானிய மேப்பிள்தான். இலையெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும், பார்த்தாலே ஆசை வரும். ஆனால் மேப்பிள் வருடா வருடம் இலையை உதிர்த்துவிட்டுப் பல வாரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் மறுபடி ஒழுங்காகத் துளிர்க்கும். நமக்கோ மார்கழியில் 20 டிகிரி வந்தாலே மப்ளரைத் தேட வேண்டியிருக்கிறது. சென்னை தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் மேப்பிள் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு.

மரம்தான் நமக்கு ஒத்துவராதே தவிர, அந்த வடிவம் ஒத்துவரும். ஒரே வேர்த்தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பும் இந்த அமைப்பை ஜப்பானில் கபுதாச்சி என்பார்கள். மேப்பிளுக்குச் சொல்லும் அதே விதிகளை நம் ஊர் நர்சரிகளில் கிடைக்கும், ஆலமர இனத்தைச் சேர்ந்த பைக்கஸ் மைக்ரோகார்ப்பாவில் தாராளமாகச் செய்யலாம். எதிர்வீட்டு அண்ணன் வீடு மாறும்போது விட்டுப்போன மரத்தில் நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். தொட்டி விரிசல், அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து தரையில் ஒட்டியிருந்தது. தண்டுகள் புதர் மாதிரி அடர்ந்திருந்தன. பாதி இலை நீளவாக்கில் மடிந்து கிடந்தது.

முதலில் தேற்றுங்கள், கத்தரியைத் தொடாதீர்கள்

தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருக்கும் குச்சிகளை மட்டும் ஒடித்துப் போடுங்கள்.

மடிந்த இலை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிசாக, கறுப்பாகச் சின்னப் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மருந்து மடிப்புக்குள் போகாது. அந்த இலைகளைப் பறித்து ஒரு கவரில் போட்டுக் கட்டி எறிவதுதான் வழி. பிறகு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம் சேர்த்து, வெயில் இறங்கியபின் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் இதே மருந்துதான்.

அடுத்தது தண்ணீர். கடலை ஒட்டிய நம் பகுதிகளில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்த உப்புதான். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் மெட்ரோ வாட்டரோ, பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றி, அடி ஓட்டை வழியாக நன்றாக வழியும்படி சில முறை மண்ணை அலசுங்கள். மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் வீடு என்றால் இலையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துணி கறுப்பதைப் பார்த்தால் மரம் ஏன் சோர்ந்தது என்று உங்களுக்கே புரியும்.

உரத்துக்கு நான் கடலைப்பிண்ணாக்குதான். ஊறவைத்து, நிறைய தண்ணீர் கலந்து, தெளிவை மட்டும் ஊற்றுவேன். நாற்றம் இரண்டு வீடு தாண்டும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புதுத்தளிர் வந்து, அந்த இலைகள் முற்றிக் கரும்பச்சை ஆகும்வரை வேறு எதுவும் வேண்டாம். தை மாதம் தொடங்கினால் மாசி, பங்குனியில் வெட்டலாம்.

எந்தத் தண்டு இருக்கும், எது போகும்

எனக்கு ரொம்ப நாள் இழுத்த கட்டம் இதுதான். எல்லோரும் மேலே இலையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பார்கள். பல தண்டு மரத்தில் விடை கீழே இருக்கிறது.

மூங்கில் குச்சியால் மேல்மண்ணைக் கிளறி எடுங்கள். தண்டு அகன்று வேராக விரியும் இடம் தெரியும்வரை எடுக்க வேண்டும். என் மரத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு மண் மூடியிருந்தது. அதை எடுத்ததும்தான், தனித்தனித் தண்டு என்று நான் நினைத்த இரண்டு, உள்ளே ஒரே தண்டு என்று தெரிந்தது. தரை மட்டத்தில் பிரிவதுதான் தண்டு. ஒரு சாண் மேலே போய்ப் பிரிவது எவ்வளவு தடியாக இருந்தாலும் கிளைதான். அதைத் தண்டாகக் கணக்கில் சேர்த்தால் கடைசிவரை வடிவம் கவட்டை மாதிரியே தெரியும்.

இப்போது தொட்டியை மேசைமேல் வைத்து, கண் மட்டத்துக்கு உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வேர் நன்றாக விரிந்து தெரியும் பக்கம் முகப்பு. அங்கிருந்து பார்க்கும்போது:

- மிகத் தடித்த தண்டு மிக உயரமாக இருக்க வேண்டும். மற்றவை தடிமனுக்கு ஏற்றபடி குட்டையாகிக்கொண்டே வரவேண்டும்.
- ஒன்றுக்கு நேர் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கக் கூடாது. நம் முகத்தைக் குத்துவதுபோல நேரே வரவும் கூடாது.
- குறுக்கே போய் அடுத்த தண்டைத் தாண்டுவது போய்விட வேண்டும்.

எண்ணிக்கை 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். நான்கு வைத்தால் கண் அதை இரண்டிரண்டாகப் பிரித்துவிடுகிறது.

சந்தேகமான தண்டை உடனே வெட்டாமல், பழைய துண்டு ஒன்றைச் சுற்றி மறைத்துவிட்டுப் பாருங்கள். மனசுக்குச் சரி என்று பட்டால் அதில் ஒரு கலர் நூல் கட்டி, தொட்டியைத் தினமும் பார்வை படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள். சில நாள் கழித்தும் அதே முடிவு என்றால் வெட்டலாம். வீட்டில் போன்சாய் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு 'எது இடைஞ்சலாக இருக்கு?' என்று கேளுங்கள். என் வீட்டில் அம்மா சட்டென்று கைகாட்டியது சரியான தண்டு.

வெட்டுவது

சின்னக் கிளைக்குக் கவாத்துக் கத்தரி. தண்டுக்குப் புது ஆக்ஸா பிளேடு, பிறகு குழிவாக வெட்டும் போன்சாய் கத்தரி. செட்டாக விற்கும் பன்னிரண்டு சாமான் பெட்டி வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரே ஒரு நல்ல குழிக்கத்தரி வாங்குங்கள். காயம் லேசாகக் குழிந்திருந்தால்தான் பட்டை வளர்ந்து மூடும்போது மேடு தட்டாது.

பைக்கஸில் பால் வடியும். சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் படக்கூடாது, சட்டையில் பட்டால் கறை போகாது. தண்ணீரை ஸ்பிரே செய்துகொண்டே ஈரத்துணியால் ஒற்றினால் அடங்கிவிடும். கட்டைவிரலைவிடப் பெரிய காயத்துக்கு மட்டும், வெட்டை மூடும் வெட்டுப்பசை தடவுங்கள். வெட்டிய தண்டுகளை எறியாதீர்கள். ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் பெரும்பாலும் வேர்விடும்.

நெருக்கமாக நிற்கும் தண்டுகளை விலக்க, தேய்ந்த ரப்பர் செருப்பில் ஆப்புபோல ஒரு துண்டு வெட்டி இடையில் செருகுங்கள். பட்டை நசுங்காது. மெல்ல மெல்லப் பெரிய துண்டாக மாற்றலாம். உரசிக்கொண்டே இருக்கும் பைக்கஸ் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். அடியில் அப்படி ஒட்டினால் அழகு, நடுவில் ஒட்டினால் அசிங்கம்.

தொட்டி மாற்றுவது

பைக்கஸ் எதையும் தாங்கும், ஒரே நாளில் வேரையும் வெட்டலாம் என்பார்கள். தெம்பான மரத்துக்குச் சரி. நோஞ்சான் மரத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கத்திரி வெயில் முடிந்து ஆனி, ஆடியில் செய்யுங்கள். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர்களை வெட்டி, பக்கவாட்டில் போகும் நார்வேர்களை விடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். மண்கலவைக்கு, உடைத்த நாட்டுச் செங்கல் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல் துண்டு பச்சைப்பயறு முதல் கொண்டைக்கடலை அளவுவரை இருக்கலாம். சலித்துத் தூளை எறிந்துவிடுங்கள், தூள்தான் வடிகாலை அடைக்கும். தேங்காய் நார்த்தூள் எனக்குப் பிடிக்காது, மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஈரம் கோத்து நிற்கும்.

ஓட்டைக்கு கொசுவலைத் துண்டு. அதே ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மரத்தைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். கடற்காற்றில் மரம் ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். கட்டியபின் மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி, வேர் இடுக்கெல்லாம் மண் இறங்கவையுங்கள். சில வாரம் நிழல்வலைக்குக் கீழே. மொட்டை மாடித் தரையில் நேரடியாக வைக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

கம்பி சுற்றுவது

கிளையை வளைத்து நிறுத்த அலுமினியக் கம்பி, கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வில். மண்ணடிப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிளைகள் எல்லாம் வெளிப்பக்கம் நோக்கிப் போகட்டும், உள்ளே பார்ப்பவற்றை எடுத்துவிடுங்கள். தண்டுக்கு ஒரு குடை என்று விடாமல், எல்லாம் சேர்ந்து ஒரே மரத்தின் தலைபோல மேல்வரம்பு வரவேண்டும். நம் ஊர் சூட்டில் பைக்கஸ் மளமளவென்று பருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் வெட்டி எடுங்கள். சுற்றைப் பிரிக்கப் போனால் கிளை ஒடியும்.

பிற்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. தொட்டி மாற்றியதும் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறதாம். பைக்கஸ் இடம் மாறினாலே அப்படித்தான், தண்டு பச்சையாக இருந்தால் பதறி அதிகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேப்பிளை ஏசி அறையில் வைத்தால் வருமா என்று ஒரு தம்பி கேட்டார். வராது, அந்தக் குளிர் மேப்பிளுக்கு உறங்கப் போதாது, வெளிச்சமும் பற்றாது. அடைமழையில் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது என்றவர்கள் ஒரு பக்கத்துக்கு அடியில் அரைச்செங்கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள், ஓட்டை இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கும்படி.