ரிக்கோட்டா கிரெஸ்பெல்லே: தண்ணீர் விடாமல் பேக் செய்ய

இத்தாலியின் கிரெஸ்பெல்லே (மெல்லிய தோசைபோல் வார்த்து, பூரணம் வைத்துச் சுருட்டி பேக் செய்வது) ஓவனில் சொதசொதவென்று ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் ரிக்கோட்டா சீஸில் நிற்கும் நீர்தான். 400 கிராம் ரிக்கோட்டாவை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஒரு மணி நேரமாவது வடியவிடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. பிறகு ஒரு முட்டை, 50 கிராம் துருவிய பார்மெசான் சீஸ், உப்பு, துளி ஜாதிக்காய்த்தூள் சேர்த்துப் பிசையுங்கள்.

மாவுக்கு: மைதா 125 கிராம், முட்டை 2, பால் 250 மில்லி, சிட்டிகை உப்பு. முதலில் பாதிப் பாலில் கட்டியில்லாமல் அடித்து, மீதியை ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறாத மாவில் வார்த்தால் சுருட்டும்போது கிழியும். வெண்ணெய் தடவிய 20 செ.மீ. தவாவில் மெல்லியதாக வாருங்கள், எட்டு வரும். நிறம் ஏறி மொறுமொறுத்தால் மடங்காது, வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

400 கிராம் தக்காளியை ஆலிவ் எண்ணெய், பூண்டு, பேசில் இலையுடன் 20 நிமிடம் சுண்ட வையுங்கள். வார்த்தவற்றில் ரிக்கோட்டா பூரணத்தை வைத்துச் சுருட்டுங்கள். பேக்கிங் தட்டில் கொஞ்சம் சாஸ் பரப்பி, சுருள்களை நெருக்கமாக அடுக்கி, ஓரங்களும் மூடுமாறு மீதி சாஸை ஊற்றுங்கள். மூடாத ஓரம் காய்ந்து தோல்போல் ஆகிவிடும். மேலே பார்மெசான் தூவி, 190 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பரிமாறினால் பூரணம் வழியாது.