ரேவ்தண்டா முகத்துவாரத்தில் தூண்டில் போடுவோருக்கு

மும்பையிலிருந்து வார விடுமுறைக்கு அலிபாக் பக்கம் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் மணற்கரையிலேயே தூண்டில் வீசுகிறார்கள். கொடுவா மீனை நாடுவோர் குண்டலிகா ஆறு கடலில் கலக்கும் ரேவ்தண்டா முகத்துவாரத்துக்குச் செல்வதே நல்லது. வற்றம் முடிந்து நீர் மீண்டும் ஏறத் தொடங்கும் வேளையில், சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு கொடுவா கழிக்குள் (கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றுவாய்ப் பகுதிக்குள்) நுழையும் என்பதால், அப்போது உயிருள்ள இறாலின் கொம்புக்கு அடியில், தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளைக் கோத்து, தக்கையிட்டு நீரோட்டத்தின் போக்கிலேயே விட வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும்; ஆகவே முள்ளுக்கு மேலே ஒரு முழமாவது தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) கட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மும்பைக் கரையோரத்தில் கடல் சில வேளை 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் என்பதால், முகத்துவாரத்தின் மறுகரையிலுள்ள கோர்லாய் பாறைகளில் நிற்போர் ஏற்றம் வலுக்கும் முன்பே தயவுசெய்து கரைக்குத் திரும்பிவிடுங்கள்.